ஏர்ல் வில்லியம் என்றொரு கப்பல்

1964-ல் நார்வேயின் டன்ஸ்பெர்க் நகரத்தில், கால்ட்னெஸ் கப்பல் தளத்தில் ஒரு பயணிகள் கப்பலைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். பெயர் வைக்கிங் II. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து பிரான்ஸ் கரைக்குக் கார்களையும் ஆட்களையும் ஏற்றிப்போகத் தோரேசன் நிறுவனம் செய்வித்தது. நீளம் கிட்டத்தட்ட 100 மீட்டர். பின்பக்கக் கதவு வழியாகக் காரை உள்ளே ஓட்டி நிறுத்தலாம்; அக்கரை சேர்ந்ததும் முன்பக்கக் கதவைத் திறந்து அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாம். திருப்பவும் வேண்டாம், பின்னால் எடுக்கவும் வேண்டாம். அந்தக் காலத்தில் ஆங்கிலக் கால்வாயில் இது பெரிய புதுமை. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு பிரான்ஸ் போகிற ஆங்கிலேயர்கள் இந்தக் கப்பலில் சாப்பிட்டார்கள், குடித்தார்கள், மேல்தளத்தில் வெயில் காய்ந்தார்கள்.

23 ஆண்டுகள் கழித்து இதே கப்பலில் இலங்கைத் தமிழர்களைப் பூட்டி வைத்தார்கள். காவலுக்கு நின்றவர்கள் போலீஸ்காரர்களும் இல்லை, சிறைக் காவலர்களும் இல்லை. ஒரு தனியார் செக்யூரிட்டி கம்பெனியின் சம்பளக்காரர்கள். அடைக்கலம் கேட்டு வருகிறவரை அடைத்துவைப்பது இன்று உலகம் முழுக்கக் கோடிகள் புரளும் தொழில். அந்தத் தொழிலின் தொடக்கப் பக்கங்களில் நம் ஆட்களின் பெயர் இருக்கிறது என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. ஈழத்தவர்களிலும் வயதானவர்களைத் தவிர மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கப்பலின் கதையைச் சொல்ல வருகிறேன். நான் இருப்பது டெல்லி கரோல் பாகில். இந்த ஊருக்கும் அந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு, அதற்கு வருகிறேன்.

எழுபதுகளின் நடுவில் வைக்கிங் II கைமாறியது. பிரிட்டிஷ் ரயில்வேயின் கப்பல் பிரிவான சீலிங்க் அதை எடுத்துக்கொண்டு ஏர்ல் வில்லியம் என்று பெயர் மாற்றியது. சேனல் தீவுகளுக்குப் போய்வரும் சேவை. அப்போது சீலிங்க் அரசுச் சொத்து. 1984-ல் தாட்சர் அரசு அதைத் தனியாருக்கு விற்றது. சீ கன்டெய்னர்ஸ் என்ற நிறுவனம் 66 மில்லியன் பவுண்டுக்கு மொத்தமாக வாங்கியது. கப்பல்கள், துறைமுகங்கள் எல்லாம் அதில் சேர்த்தி. இரண்டே ஆண்டில் சேனல் தீவுச் சேவை நொடித்தது. வேலையாட்களை நிறுத்தினார்கள். ஏர்ல் வில்லியம் சும்மா கிடந்தது. ஓடாத கப்பல் முதலாளிக்குத் தெண்டச் செலவு. வாடகைக்கு யாராவது கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கேட்டது பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகம். விற்ற சொத்தையே அரசு வாடகைக்கு எடுத்தது.

ஏன் கேட்டது என்பதற்கு 1983 ஜூலைக்குப் போக வேண்டும். கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்த மாதம். அதற்குப் பிறகு ஏஜென்சிக்காரனுக்குக் காணியை, நகையை விற்றுக் காசு கட்டி லண்டன், பாரிஸ், டொரன்டோ என்று பிள்ளைகளை அனுப்பத் தொடங்கினார்கள் பெற்றோர்கள். இறங்கியதும் அசைலம் அடிக்க வேண்டும், அதாவது அடைக்கலம் கேட்க வேண்டும். கேஸ் எழுத வேண்டும். கார்டுக்குக் காத்திருக்க வேண்டும். இந்தச் சொற்களெல்லாம் அப்போதுதான் யாழ்ப்பாணத்து வீடுகளில் புழக்கத்துக்கு வந்தன.

பிரிட்டன் கதவைச் சாத்தத் தொடங்கியது. 1985 மே மாதம் இலங்கைக் குடிமக்களுக்கு விசா கட்டாயம் என்று அறிவித்தது. காமன்வெல்த் நாடு ஒன்றின் மக்களுக்கு பிரிட்டன் விசா கட்டாயமாக்கியது அதுவே முதல் முறை. மறு ஆண்டே இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, கானா என்று பட்டியல் நீண்டது. இன்று கரோல் பாகில் பத்தடிக்கு ஒரு விசா ஏஜென்ட் போர்டு தொங்குகிறது. லண்டனுக்குப் போக இந்தியருக்கு விசா வேண்டும் என்ற விதி, தமிழர் மேல் முதலில் போட்டுப் பார்த்த விதி.

1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் இறங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களின் கோரிக்கையை ஒரு சில நாளிலேயே தள்ளுபடி செய்து திருப்பி அனுப்ப விமானத்துக்குக் கூட்டிப்போனார்கள். விமான நிலையத்திலேயே அவர்கள் சட்டையையும் கால்சட்டையையும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளாடையோடு நின்றார்கள். குளிர்காலம். அந்தப் படம் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வந்தது. நீதிமன்றம் தலையிட்டு அனுப்புவதை நிறுத்தியது. மானத்தை உயிராக மதிக்கும் ஊரிலிருந்து வந்த ஆண்கள், ஊர் பார்க்க உடையைக் களைந்து நிற்கிறார்கள் என்றால் திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அரசு அதைப் புரிந்துகொள்ள மறுத்தது. அந்த ஆண்டு மே மாதமே ஒரு சட்டம் வந்தது. சரியான காகிதம் இல்லாமல் ஒரு பயணியை ஏற்றி வந்தால், ஒரு தலைக்கு 1,000 பவுண்டு அபராதம் விமானக் கம்பெனி கட்ட வேண்டும். அதிலிருந்து, கொழும்பிலோ சென்னையிலோ டெல்லியிலோ செக்-இன் கவுன்டரில் நிற்கும் ஊழியரே எல்லைக் காவலர் ஆகிவிட்டார். இவர் அகதியா, இவருக்கு ஆபத்து இருக்கிறதா என்று கேட்கும் கடமை அவருக்குக் கிடையாது. அபராதம் வருமா வராதா என்பது மட்டும்தான் அவர் கணக்கு.

ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் ஹார்மண்ட்ஸ்வொர்த் என்ற இடத்தில் 1970 முதலே ஒரு தடுப்பு முகாம் இருந்தது. நாட்டுக்குள் விட மறுக்கப்பட்ட காமன்வெல்த் நாட்டவர் மேல்முறையீடு செய்யலாம் என்று அதற்கு முந்தைய ஆண்டு சட்டம் வந்திருந்தது. முறையீடு முடியும்வரை அவர்களை எங்கே வைப்பது? ஒரு கட்டடம் எடுத்து, காவல் வேலையை செக்யூரிகோர் என்ற கம்பெனியிடம் கொடுத்தார்கள். வங்கிப் பணத்தைப் பெட்டியில் வைத்து வேனில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குப் பேர்போன கம்பெனி அது. பிரிட்டனில் முதல் தனியார் சிறை 1992-ல்தான் வந்தது. கொலை செய்தவனையும் திருடியவனையும் தனியாரிடம் ஒப்படைக்க நாடாளுமன்றம் 22 ஆண்டுகள் தயங்கியது. எந்தக் குற்றமும் செய்யாமல் விமானத்தில் வந்து இறங்கிய ஆசியர்களையும் ஆப்பிரிக்கர்களையும் ஒப்படைக்கத் தயங்கவில்லை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் உறுத்துவது இதுதான்.

1987-ல் ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் இடம் போதவில்லை. சும்மா கிடந்த ஏர்ல் வில்லியத்தை வாடகைக்கு எடுத்து, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹாரிச் துறைமுகத்தில் கட்டிப்போட்டார்கள். காவல் ஒப்பந்தம் இங்கும் செக்யூரிகோருக்கே. உள்ளே வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர்கள்.

கப்பல் ஏன் வசதி என்று யோசித்துப் பாருங்கள். கரையில் ஒரு முகாம் கட்ட நிலம் வேண்டும், அனுமதி வேண்டும், அக்கம்பக்கத்தார் கேள்வி கேட்பார்கள். கப்பலுக்கு எதுவும் வேண்டாம். கயிற்றை அவிழ்த்தால் போய்விடும் என்பதால் எல்லாமே தற்காலிகம் என்று சொல்லிக்கொள்ளலாம். லண்டனிலிருந்து தூரம்; வக்கீல்கள் வந்துபோவது கஷ்டம். பயணிகளுக்காகச் செய்த படுக்கை அறைகள் ஏற்கெனவே இருந்தன. முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ஒரு கதவு என்று இரண்டு வாசல் வைத்துக் கட்டிய கப்பல். இரண்டும் சாத்தியே கிடந்தன. கடலையே பார்த்து வளர்ந்த வல்வெட்டித்துறைப் பிள்ளையானாலும், கரையில் கட்டிய கப்பலில் அடைபட்டுக் கிடப்பது என்ன மாதிரி இருந்திருக்கும்! தண்ணீர் ஆடுகிறது, தரை ஆடுகிறது, ஆனால் எங்கும் போகவில்லை.

1987 அக்டோபர் 15 இரவு தெற்கு இங்கிலாந்தில் புயல் அடித்தது. பெரிய புயல் வராது என்று நம்பித்தான் மக்கள் தூங்கப் போனார்கள். விடிவதற்குள் 18 பேர் இறந்திருந்தார்கள். ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்திருந்தன. ஹாரிச்சில் காற்று ஏர்ல் வில்லியத்தின் கயிறுகளை அறுத்தது. ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டே கப்பல் துறையை விட்டு நகர்ந்துபோய்த் தரைதட்டி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. அடைத்து வைத்திருந்த அரசுக்கு அதற்கு மேல் அந்தக் கப்பலில் ஆட்களை வைத்திருப்பதை நியாயப்படுத்த முடியவில்லை. பலரைத் தற்காலிக அனுமதி கொடுத்து வெளியே விட்டார்கள். மிதக்கும் முகாம் அத்தோடு முடிந்தது.

இதை விதி என்று சொல்லிச் சிலிர்த்துப்போவது எளிது. நான் கேட்பது வேறு. புயல் முடிந்ததும் அவர்களை வெளியே விட முடிந்தது என்றால், முதல்நாளும் விட்டிருக்க முடியும் அல்லவா? அவர்கள் ஓடிப்போய்விடுவார்கள், ஆபத்தானவர்கள் என்ற காரணமெல்லாம் ஒரே இரவில் எங்கே போயிற்று?

கரையில் வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. அதே ஆண்டு டிசம்பர் 16-ல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, சிவகுமாரன் வழக்கு என்று அறியப்படும் வழக்கில், தமிழர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அச்சம் இருந்தால் போதாது, அந்த அச்சத்துக்கு நியாயமான அளவு சாத்தியம் இருப்பதைக் காட்ட வேண்டும் என்றது. 1988 பிப்ரவரியில் ஐந்து தமிழர்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே அவர்களில் சிலர் பிடிபட்டு அடி வாங்கினார்கள். பிறகு மேல்முறையீட்டில் வென்று 1989-ல் பிரிட்டன் திரும்பினார்கள். வில்வராஜா வழக்கு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை அது போனது. 1991-ல் அந்த நீதிமன்றமும் பிரிட்டன் தவறு செய்யவில்லை என்றுதான் சொன்னது. இன்று உலகில் எங்கே அகதிச் சட்டம் படித்தாலும் இந்த இரண்டு பெயர்களையும் படிக்காமல் தேற முடியாது. நம் வீட்டுப் பெயர்கள், தோற்ற வழக்குகளின் தலைப்பாக.

கப்பல் என்ன ஆனது? பழுது பார்த்து மறுபடியும் பயணிகளை ஏற்றினார்கள். லிவர்பூலிலிருந்து அயர்லாந்துக்குச் சில காலம் ஓடியது. பிறகு விற்றார்கள். பேர்ல் வில்லியம், மார் ஜூலியா, செஷ்மே ஸ்டெர்ன் என்று பெயர் மாறி மாறி மத்தியதரைக் கடலில் உழைத்தது. கடைசியாக வின்ட்வார்ட் II என்ற பெயரில் கரீபியன் கடலுக்குப் போய் டிரினிடாடில் ஓய்ந்தது.

ஓடம் ஓய்ந்தது, ஒப்பந்தம் ஓயவில்லை. ஏர்ல் வில்லியத்தில் சாவி வைத்திருந்த செக்யூரிகோர் 2004-ல் குரூப் 4 என்ற இன்னொரு காவல் கம்பெனியோடு சேர்ந்து ஜி4எஸ் ஆனது. பல நாடுகளில் கிளை பரப்பியது. 2010-ல் ஜிம்மி முபெங்கா என்ற அங்கோலா நாட்டவரை ஹீத்ரோவில் விமானத்தில் வைத்து நாடுகடத்தும்போது அதன் காவலர்கள் அழுத்திப் பிடித்ததில் அவர் மூச்சுத் திணறி இறந்தார். சட்டவிரோதக் கொலை என்று மரண விசாரணை ஜூரி சொன்னது. பின்னர் நடந்த குற்ற வழக்கில் மூன்று காவலர்களும் விடுதலை ஆனார்கள். ஆஸ்திரேலியா தன் கடலுக்கு அப்பால் மானுஸ் தீவில் நடத்திய முகாமுக்கும் 2014 தொடக்கம் வரை இதே கம்பெனிதான் காவல். அங்கே ரேசா பராத்தி என்ற ஈரானிய இளைஞர் முகாமுக்குள்ளேயே அடித்துக் கொல்லப்பட்டார்.

பிறகு 2021 அக்டோபர். இந்தியக் கரையிலிருந்து கனடா போகப் புறப்பட்ட மீன்பிடிப் படகு ஒன்று நடு இந்தியப் பெருங்கடலில் ஓட்டை விழுந்து தத்தளித்தது. உள்ளே 89 இலங்கைத் தமிழர்கள், குழந்தைகளும் இருந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை அவர்களை மீட்டு டியாகோ கார்சியா தீவில் இறக்கியது. பிரிட்டனின் கையில் இருந்த, அமெரிக்க ராணுவத் தளம் இருக்கிற தீவு அது. தளம் அமைக்க வேண்டும் என்று அங்கே பரம்பரையாக வாழ்ந்த சாகோஸ் மக்களை 1973-க்குள் மொத்தமாக வெளியேற்றிவிட்டார்கள். குடிமக்களே இல்லாத ஊரில் அகதிகள் வந்து இறங்கினார்கள். வேலி போட்ட சின்ன இடத்தில் ராணுவக் கூடாரங்கள். ஒரு கூடாரத்துக்குள் பல குடும்பங்கள், நடுவில் துணித் தடுப்பு. எலித் தொல்லை. மழை பெய்தால் ஒழுகும். வெளியே போகக் கூடாது. பலர் உண்ணாவிரதம் இருந்தார்கள், தற்கொலைக்கு முயன்றார்கள், சிகிச்சைக்கென்று சிலரை ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். வேலி வாசலில் காவல் நின்றது ஜி4எஸ்.

மூன்று ஆண்டுகள். 2024 செப்டம்பரில் நீதிபதி மார்கரெட் ஓபி தீவுக்கே வந்து முகாமை நேரில் பார்த்தார். டிசம்பர் 16-ல் தீர்ப்பு. இவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம், சிறை என்ற பெயர் மட்டுந்தான் இல்லை என்று எழுதினார். சிவகுமாரன் தீர்ப்பு வந்த அதே தேதி, 37 ஆண்டுகள் கழித்து. தீர்ப்பு வருவதற்குச் சற்று முன்பே பெரும்பாலோரை பிரிட்டனுக்கு விமானத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். முதல்நாளே செய்திருக்கலாம் என்ற அதே கேள்வி இங்கும் பாக்கி.

அமெரிக்காவில் இந்தத் தொழில் தொடங்கிய விதமும் சொல்லத் தக்கது. 1983-ல் நாஷ்வில்லில் கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனி பிறந்தது. குடிவரவுத் துறை அவசரமாக இடம் கேட்டதும், ஹூஸ்டனில் ஒலிம்பிக் மோட்டல் என்ற ஓட்டலை வாடகைக்கு எடுத்து, சுற்றி வேலி அடித்து, 1984 ஜனவரியில் ஆட்களை உள்ளே ஏற்றினார்கள். அவ்வளவுதான், முதல் தடுப்பு முகாம் தயார். பிறகு 2009 முதல் சில ஆண்டுகள், இத்தனை ஆயிரம் படுக்கைகளை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்று நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே எழுதினார்கள். 34,000 வரை போனது. தினம் ஒரு தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் கம்பெனிக்குக் காலிப் படுக்கை நட்டம். ஆட்கள் சீக்கிரம் வெளியே போனால் அதன் வருமானம் குறையும். டாக்டரைக் கூப்பிடத் தாமதிப்பதும், குறைந்த சம்பளத்துக்குப் பயிற்சியில்லாத காவலரை வைப்பதும் எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வருகின்றன. புகார் கொடுத்தால் அமைச்சகம் கம்பெனியைக் காட்டும். கம்பெனி ஒப்பந்தத்தைக் காட்டும். ஒப்பந்தம் வணிக ரகசியம்.

பிரிட்டன் ஏர்ல் வில்லியத்தையும் மறந்துவிட்டது. 2023-ல் பிபி ஸ்டாக்ஹோம் என்ற மிதவையைப் போர்ட்லண்ட் துறைமுகத்தில் கட்டிப் புகலிடக் கோரிக்கையாளர்களை ஏற்றியது. 222 அறைகளில் 500 பேர் வரை நெருக்கி வைக்கத் திட்டம். முதல் ஆட்கள் ஏறிய சில நாளிலேயே தண்ணீரில் லீஜியோனெல்லா கிருமி கண்டு எல்லோரையும் இறக்கினார்கள். டிசம்பரில் லியோனார்ட் ஃபர்ருக்கு என்ற அல்பேனியர் அதற்குள் இறந்துகிடந்தார். மறு ஆண்டு நவம்பரில் மூடினார்கள். கரையில் தங்கவைக்கும் வேலை மூன்று கம்பெனிகளிடம் இருக்கிறது. 2019 முதல் 2029 வரை பத்தாண்டுக்கு 450 கோடி பவுண்டு ஆகும் என்று போட்ட கணக்கு, 1,530 கோடி பவுண்டில் போய் நிற்கும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2025-ல் சொன்னது. அதில் ஒரு கம்பெனியின் முதலாளி அதே ஆண்டு சண்டே டைம்ஸ் பணக்காரர் பட்டியலில் நூறு கோடி பவுண்டுக்காரர் ஆனார். அந்த விடுதிகளில் தங்கியிருக்கிறவருக்கோ, சாப்பாடு போடும் இடத்தில் வாரத்துக்குக் கைச்செலவு பத்துப் பவுண்டுக்கும் குறைவு.

இப்போது கரோல் பாக்.

1947 செப்டம்பரில், நாட்டுப் பிரிவினையின்போது, இந்தத் தெருக்களில் ரத்தம் ஓடியது. கலவரத்தில் டாக்டர் என்.சி. ஜோஷி இங்கேதான் சுடப்பட்டு இறந்தார். அவர் பெயரில் மருத்துவமனை இன்றும் இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்கள் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் புராணா கிலாவுக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் ஓடி, அங்கிருந்து பாகிஸ்தான் போனார்கள். டெல்லியிலிருந்து போனவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பாகிஸ்தான் பக்கமிருந்து டெல்லிக்கு வந்தவர்கள் கிட்டத்தட்ட ஐந்து லட்சம். கிங்ஸ்வே முகாமில் கூடாரங்களில் கிடந்தார்கள், ரயில்வே பிளாட்பாரங்களில் கிடந்தார்கள், பூட்டிக் கிடந்த வீடுகளின் பூட்டை உடைத்துக் குடியேறினார்கள். அரசு அந்த வீடுகளைக் கஸ்டோடியன் என்ற சொத்துக் காப்பாளர் வசம் எடுத்துப் பின்னர் ஒதுக்கீடு செய்தது. பக்கத்தில் ராஜேந்தர் நகர், பட்டேல் நகர் என்று புதிய குடியிருப்புகள் கட்டியது. ஒருவர் வீடிழந்ததால் இன்னொருவர் வீடு பெற்றார் என்ற கசப்பு இந்த ஊரின் அஸ்திவாரத்தில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேச மாட்டேன்.

ஆனால் ஒன்று நடந்தது. வந்தவர்களை யாரும் பூட்டி வைக்கவில்லை. முகாமில் இருந்தவர்கள் காலையில் வெளியே போய் நடைபாதையில் துணி விரித்து வியாபாரம் செய்தார்கள். ரேஷன் கார்டு கிடைத்தது, கடன் கிடைத்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது, ஓட்டுக் கிடைத்தது. அஜ்மல் கான் சாலையில் பழைய கடைகளில் ஏறிக் கேளுங்கள். தாத்தா ராவல்பிண்டி, பாட்டி முல்தான் என்பார்கள். கஃபார் மார்க்கெட் அப்படி வந்தது. மதராசிலிருந்து மத்திய அரசு வேலைக்கு வந்த தமிழர்கள் இவர்களுக்கு வாடகைக்காரர்களாக, பக்கத்து வீட்டுக்காரர்களாக இங்கே நிலைத்தார்கள். அகதியை அகதியாகவே வைத்திருக்காமல் பத்து ஆண்டில் குடிமகனாக்கிக் காட்டிய ஊர் இது. அதைச் செய்தது பணக்கார நாடு அல்ல. பஞ்சத்தில் இருந்த நாடு.

அதே கரோல் பாகிலிருந்து சராய் ரோஹில்லா பக்கம் போனால் இந்தர்லோக். அங்கே ஷாஜாதா பாகில் வெளிநாட்டவரை அடைத்து வைக்கும் ஓர் இடம் இருக்கிறது. பெயர் சேவா கேந்திரா. வடக்கே நரேலா தாண்டி லாம்பூரில் இன்னொன்று. அதற்குச் சேவா சதன் என்று பெயர். ஐ.நா. அகதி அட்டையைக் கையில் வைத்திருந்த ரோஹிங்கியாப் பெண்கள் ஷாஜாதா பாகில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள்; விடுதலைக்கு உயர் நீதிமன்றம் ஏறினார்கள். 2025 மே மாதம் டெல்லியில் பிடிபட்ட சுமார் நாற்பது ரோஹிங்கியாக்களை அந்தமானுக்குக் கொண்டுபோய்க் கடற்படைக் கப்பலில் ஏற்றி, மியான்மர் கரைக்கு அருகே கடலில் இறக்கிவிட்டதாக வந்த செய்தியை விசாரிப்பதாக ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் அறிவித்தார். ஆதாரம் இல்லாத கதை என்ற பாணியில் உச்ச நீதிமன்றம் அதை அணுகியது. மீண்டும் ஒரு கப்பல்.

நம் நாட்டில் இந்த முகாம்களை அரசே நடத்துகிறது, கம்பெனி இல்லை. அதில் ஆறுதல் தேட முடியாது. திருச்சி மத்திய சிறை வளாகத்தில் சிறப்பு முகாம் என்ற பெயரில் இருப்பதும் அரசு நடத்துவதுதான். 1946-ல் வெள்ளைக்காரன் போட்ட வெளிநாட்டவர் சட்டத்தின் ஒரு உட்பிரிவை வைத்து, தண்டனை முடிந்தவரையும் ஜாமீன் கிடைத்தவரையும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த சாந்தன், சிறை வாசலிலிருந்து நேரே இந்த முகாமுக்குப் போனார். தாயைப் பார்க்க ஊர் போகக் காத்திருந்தே 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். குற்றத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், விடுதலை ஆனவருக்கு இன்னொரு பூட்டு எந்த நியாயத்தில்? தண்டனை முடித்து ஏறக்குறைய மூன்று ஆண்டு தடுப்பில் கிடந்த இன்னொரு ஈழத்தமிழர் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனபோது, வந்தவரையெல்லாம் தங்கவைக்க இது தர்மசாலை இல்லை என்று நீதிபதி சொன்னதாகச் செய்தி வந்தது. 1947-ல் இந்த டெல்லி அப்படிச் சொல்லியிருந்தால் கரோல் பாக் இல்லை.

2025 செப்டம்பர் 1 முதல் பழைய சட்டம் போய்க் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குக் காகிதம் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்து ஒரு ஆணையும் வந்தது. நல்லது. ஆனால் விலக்கு என்பது ஆணை. நாளை இன்னொரு ஆணை அதை எடுத்துவிடலாம். அடைத்து வைக்கும் அதிகாரம் புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. எவ்வளவு நாள் அடைக்கலாம் என்ற வரம்பு அதில் இல்லை.

அகதி என்பவர் யார், அவர் கோரிக்கையை யார் கேட்பது, எத்தனை நாளில் முடிவு சொல்வது என்று இந்தியாவில் ஒரு சட்டமும் கிடையாது. சசி தரூர் 2015-லும் 2022-லும் தனிநபர் மசோதாவாக ஒரு புகலிடச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அது விவாதத்துக்கே வரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போகும் 39 பேரும் கட்சி பார்க்காமல் அதை எடுத்துப் பேச வேண்டும். தடுப்புக்கு நாள் வரம்பு வேண்டும். மாதம் ஒருமுறை நீதிபதி முன் நிறுத்த வேண்டும். லாம்பூரிலும் ஷாஜாதா பாகிலும் திருச்சியிலும் எத்தனை பேர், எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்று அரசு மாதந்தோறும் வெளியிட வேண்டும். இந்த வேலையை எந்தக் கம்பெனிக்கும் ஒருபோதும் குத்தகைக்கு விடுவதில்லை என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, ரோடு, குடிநீர் கேட்ட பிறகு, இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.